தூக்கிக் கொடுத்த ஷட்டில்

மேலகரத்துச் சங்கரேஸ்வரி பேட்மின்டன் பழகியது ஒரு கல்யாண மண்டபத்தில். ஆடியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை, மண்டபம் சும்மா கிடக்கும். வெளியே ஆடலாமென்றால் சாரல் காற்றில் அடித்த ஷட்டிலைப் பாவூர்சத்திரத்தில் போய்த்தான் பொறுக்க வேண்டும். அதனால் அவளுடைய அப்பா மண்டபக்காரரிடம் கெஞ்சிச் சாவி வாங்கினார். ஆடியும் மார்கழியும் அவளுக்குத் திருவிழா மாதங்கள். தை பிறந்து மேளம் கொட்டினால் முகம் சுண்டிவிடும்.

அப்படிப் பழகியே மாநிலச் சாம்பியன் ஆனாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலையும் கிடைத்தது. இனி அவளுக்கு என்ன குறை என்றது ஊர். ஊருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடும்.

வேலை என்பது சீசன் முழுக்கக் குற்றாலத்தில், பெண்கள் குளிக்கும் பக்கம் பாறையில் விசிலோடு நிற்பது. தலை நிறைய எண்ணெயோடு அருவிக்குள் போனவர்களை வெளியே வரவைப்பதற்குள் பிராணன் போய்விடும். நனைந்த பூட்சில் விரல்கள் வெளுத்து ஊறிக் கிடக்கும். அறுவை செய்த வலது முட்டி சாயங்காலத்துக்குள் வீங்கிவிடும்.

அவளுடைய அதிகாரிகளில் ஒருவருக்குப் பேட்மின்டன் பைத்தியம். காலையில் அவரோடு ஆட அவளைக் கூப்பிட்டார்கள். முதல் நாள் அவரை ஆறு புள்ளியில் நிறுத்தி ஜெயித்தாள். அலுவலகத்தில் தலை நரைத்த ஏட்டு தங்கசாமி அவளைத் தனியே கூப்பிட்டார்.

"ஏம்மா, அவரை ஜெயிச்சு என்ன கப்பா வாங்கப் போற? நாளைக்கும் பாறையிலதான் நிப்ப."

அவளுக்குப் புரிந்தது. தோற்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. விட்டுக்கொடுப்பது தெரிந்தால் அய்யாவுக்கு அவமானம். பத்தொன்பது, இருபது வரை மூச்சு வாங்க இழுத்துவிட்டு, கடைசியில் அவருடைய வலது தோளுக்கு மேலே மெத்தென்று ஒன்றைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். அவர் ஓங்கி அடிப்பார்.

"நல்லாத்தான் ஆடுற சங்கரி. கடைசியில கவனம் போயிடுது."

"ஆமாங்கய்யா."

அன்றைக்கு அருவிக்குப் பதில் அலுவலகத்து நாற்காலி கிடைக்கும். அவர் மாற்றலாகிப் போக, அடுத்து வந்தவருக்கும் பேட்மின்டன் பிடித்தது. அவருக்கு அடுத்தவருக்கும் பிடித்தது. வருஷங்கள் இப்படியே ஓடின. இப்போது வந்திருப்பவருக்கு நடைப்பயிற்சி போதும். நாற்காலி போயிற்று, பாறை திரும்பி வந்தது.

மிச்சம் இருந்த ஒரே வழி, போலீஸ் அணியில் சேர்வது. சேர்ந்துவிட்டால் பயிற்சி முகாமிலேயே இருக்கலாம், அருவிப் பக்கமே வர வேண்டாம். அந்தத் தேர்வுக்கு இந்த வருஷம்தான் அவளுக்குக் கடைசி. வயது அதற்கு மேல் இடம் தராது.

கிளம்பும் காலையில் கணவன் மந்திரமூர்த்தி அவள் முட்டியில் பட்டையைச் சுற்றிக் கட்டிவிட்டான்.

"முடியலன்னா விட்டுருட்டி. வேலைதான் இருக்குல்லா."

"ஆடும்போது வலிச்சா பொறுத்துக்கிடுவேன். சும்மா நிக்கும்போது வலிக்குத வலியத்தான் பொறுக்க முடியல" என்றாள்.

ஒரே இடத்துக்கான கடைசி ஆட்டத்தில் எதிரே நின்றவள் திருவேங்கடத்துச் சண்முகப்பிரியா. புதிதாக வேலைக்கு வந்த பெண், கால் தரையில் பாவாமல் ஓடினாள். சங்கரேஸ்வரியால் ஓட முடியாது. ஆனால் ஷட்டில் எங்கே வரும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தது. ஆளுக்கொரு செட் ஆயிற்று. மூன்றாவதில் இருபதுக்குப் பத்தொன்பது என்று சங்கரேஸ்வரி முன்னால் நின்றாள். ஒரு புள்ளி எடுத்தால் போதும்.

சண்முகப்பிரியா தடுமாறி அடித்தது வலைக்கு மேலே பலகாரம் மாதிரி வந்து நின்றது. பச்சைப் பிள்ளைகூட அதை அடித்து இறக்கியிருக்கும். சங்கரேஸ்வரியின் கை மேலே போனது. போன கை அடிக்கவில்லை. மெத்தென்று, பதமாக, எதிராளியின் வலது தோளுக்கு மேலே அதைத் தூக்கிக் கொடுத்தது. சண்முகப்பிரியா ஓங்கி அடித்தாள்.

தன் கையைச் சங்கரேஸ்வரி ஊரார் கையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இது நடுவில் வந்து ஒட்டிய பழக்கம், இதுவும் விடவில்லை. அடுத்த இரண்டு புள்ளிகளும் போயின. அழுகை வரவில்லை. உட்கார ஓர் இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

கை கொடுக்க வந்த சண்முகப்பிரியாவின் கண் கலங்கியிருந்தது.

"அக்கா, அந்த ஷாட்ட நீங்க விட்டுத்தான் குடுத்தியன்னு எனக்குத் தெரியும். சின்னப் பிள்ள போகட்டும்னு நெனச்சிட்டியளா?"

"இல்லட்டி. நான் ஜெயிக்கத்தான் கைய ஓங்குனேன்."

"பெரிய மனசுக்கா உங்களுக்கு" என்று சொல்லி, அந்தப் பெண் குனிந்து அவள் காலைத் தொட்டாள்.