எர்த் பிட்டில் நான் ஊற்றிய தண்ணீர்

அன்று காப்பிப் பழத் தோலை உரிக்கும் பல்ப்பர் மெஷின் கொட்டகைக்குப் பின்னால் நின்றவர்கள் ஐந்து பேர். பிஎச்.டி. படிக்கும் ஜெசிந்தா மேடம். அவருடைய கைடு, சேலத்துப் பேராசிரியர். தேர்வுக் குழுவிலிருந்து வந்த வெளியூர்ப் பேராசிரியை. எங்கள் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் செல்வராஜ். ஐந்தாவது நான், எஸ்டேட் எலக்ட்ரீசியன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். தேர்வு மேடத்துக்கு, பதில் இருந்தது என்னிடம்.

1. பழக்கம்

மோட்டார் பாடியில் கரண்ட் கசிந்தால் அது ஆளை அடிக்காமல் மண்ணுக்குள் இறங்க வேண்டும். அதற்குக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடிய குழிதான் எர்த் பிட். மண் ஈரமாக இருந்தால் அதன் மின்தடை, அதாவது ஓம், குறைவாகக் காட்டும், அது நல்லது. எங்கள் மலையில் மஞ்சக்குட்டைப் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே பாறை. தை பிறந்தால் காய ஆரம்பித்துவிடும்.

செக் பண்ண ஆள் வருகிறது என்றால் முதல் நாள் சாயங்காலமே பிட்டுக்கு இரண்டு குடம் உப்புத் தண்ணீர் ஊற்றிவிடுவோம். ரீடிங் அழகாக வரும். வேலைக்குச் சேர்ந்த வாரமே நான் கற்றுக்கொண்டது இது. தப்பு என்று யாரும் சொன்னதில்லை.

ஜெசிந்தா மேடத்துக்கு மலையிலேயே வெள்ளக்கடை என்ற ஊர். மலைக்குக் கீழே பாலிடெக்னிக்கில் லெக்சரர். காய்ந்த மலைப்பாறையில் எர்த் எப்படி வேலை செய்கிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. மார்கழியிலிருந்து சனிக்கிழமை தோறும் ஸ்கூட்டரில் எர்த் டெஸ்டரோடு வந்து அளந்தார்.

"பிட்டுல எதும் பண்ணாதீங்ணா. காஞ்சு கெடந்தா காஞ்சே கெடக்கட்டும்."

"சரிங்க மேடம்."

சொன்னேனே தவிர, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் மானேஜர் ஞாபகம் வந்துவிடும். ஓம் ஏறி, அது மேடத்தின் ஆராய்ச்சிப் புத்தகத்தில் அச்சாகி, மானேஜர் பார்த்து, 'இத்தனை வருஷமா என்னய்யா பண்ணினே' என்று கேட்டால்? குடத்தைத் தூக்கிவிடுவேன்.

2. வைவா

பிஎச்.டி.யில் சேர்ந்தால் மட்டும் போதாதாம். மேற்கொண்டு ஆராய்ச்சி செய்யத் தகுதி இருக்கிறதா என்று குழு உட்காரவைத்துக் கேள்வி கேட்கும். காம்ப்ரிஹென்சிவ் வைவா என்று பெயர். இரண்டே வாய்ப்பு.

பங்குனிக் கடைசியில் முதல் வைவா முடிந்து வந்த மேடம், காப்பி காயப்போடும் களத்து ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்க மேடம், என்னாச்சுங்க?"

"போச்சுங்ணா. இந்த வெயில்ல பாறை மேல அஞ்சு ஓம் எப்படிம்மா நிக்கும்னு குழுவுல இருந்த வெளியூரம்மா கேட்டாங்க. எனக்கே தெரியல. ஊட்ல உக்காந்து எழுதுன நம்பரான்னு கேட்டுட்டாங்க. மழை வர்றதுக்குள்ள அவங்களே வந்து அளக்கறாங்களாம். ரெண்டாவது வைவாவும் போச்சுன்னா பதிவே கேன்சல்."

அந்த அஞ்சு ஓம் என் குடத்துத் தண்ணீர். மறுபடி தண்ணீர் ஊற்றினால் பொய் நீளும். ஊற்றாவிட்டால் மேடம் பொய் சொன்னதாக ஆகிவிடும். சொல்லிவிட்டால் என் வேலை போகும். கடைசியில் ஊற்றவில்லை. சொல்லவும் தைரியம் வரவில்லை.

3. முப்பத்தி ஒன்று

பேராசிரியை வந்த அன்று கம்பிகளை மண்ணில் வரிசையாக அடித்து, டெஸ்டரின் கைப்பிடியைச் சுற்றினார்கள். முப்பத்தி ஒரு ஓம்.

பேராசிரியை தாளைப் புரட்டினார். "உங்க டேபிள்ல அஞ்சு. இங்க முப்பத்தொண்ணு. இதுக்கு என்னம்மா சொல்றீங்க?"

மேடத்தின் முகம் வெளுத்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

"தண்ணி ஊத்துனது நானுங்கம்மா. அவங்களுக்குத் தெரியாதுங்க."

"யோவ், வாய மூடுய்யா" என்று செல்வராஜ் என் சட்டையை இழுத்தார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மேடம் என்னைப் பார்த்து, "நாலு மாசம்ணா" என்றார். அவ்வளவுதான்.

பேராசிரியை தாளை மூடினார். பிறகு, "எத்தன குடம்?"

"பிட்டுக்கு ரெண்டுங்க."

"உப்பு?"

"ரெண்டு கைப்பிடிங்க."

அவர் மேடத்தின் பக்கம் திரும்பினார். "அதே மாதிரி இப்ப ஊத்துனா ரீடிங் எவ்வளவு வரும்? திரும்ப ஏற எத்தன நாளாகும்? ஏன்?"

மேடம் சாக்பீஸை எடுத்துச் சிமெண்டுத் தரையில் குந்திவிட்டார். குழாய், ஈரம் பரவும் வட்டம், அதைச் சுற்றிப் பாறை என்று வரைந்து கணக்குப் போட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் போகப்போக அவர் குரல் திடமானது புரிந்தது. "பத்துக்குள்ள வரும் மேம்" என்றார்.

என்னையே ஊற்றச் சொன்னார்கள்.

"உன் திருட்டு வேலைக்கு இன்னிக்குத்தாய்யா சபை கூடியிருக்குது" என்றார் செல்வராஜ். கைடுகூடச் சிரித்துவிட்டார். டீ குடித்துவிட்டு வந்து அளந்தால் எட்டு.

பழைய அட்டவணையை மேடமே கிழித்துப் போட்டார். மழைக்கு முன் கிடைத்த மூன்று வாரமும் தினம் வந்து, காய்ந்த பிட்டையும் நனைத்த பிட்டையும் தனித்தனியாக அளந்தார். இரண்டாவது வைவாவில் தேறியதும் எனக்குப் போன் செய்தார்.

"எம்மேல கோவம் இல்லீங்களா மேடம்?"

"நொம்ப இருந்துச்சுங்ணா. ஆனா அன்னிக்கு நீங்க பேசலீன்னா நான் பொய்க்காரியாத்தான் மலையெறங்கியிருப்பேன்."

மேடம் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. மானேஜர் அவருக்கும் சேர்த்துத் திட்டினார். ஆனால் வேலையை விட்டு எடுக்கவில்லை. ஓடைப் பக்கம் ஈரமான இடத்தில் புதிதாக இரண்டு பிட் போட்டுக் கொடுத்தார். இருவருக்கும் நான் கடமைப்பட்டவன்.

இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று. பிட்டுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், அது பராமரிப்பு. அளப்பதற்காக ஊற்றாதீர்கள். பல்ப்பர் பக்கத்தில் வெறுங்காலோடு நிற்கும் பெண்கள், நான் ஊற்றிய மறுநாள் மட்டும் வேலைக்கு வருகிறவர்கள் அல்ல. பிட் காய்ந்த நாளில் கரண்ட் கசிந்தால் அடிபடுவது அவர்கள்தான். இது எனக்கு உறைக்க, இன்னொருவர் தேர்வில் தோற்க வேண்டியிருந்தது.