மதிப்பு போட வந்தவர்கள்

காலனிப் பையன் சேட்டுவின் குட்டியானை வண்டி அவர்கள் தெருவில் வந்து நின்றபோது அதில் ஏற்கெனவே மூன்று டிவி, ஒரு வாஷிங் மெஷின், ஒரு பீரோ எல்லாம் ஏறியிருந்தன. பீரோவின் கண்ணாடியில் வானம் ஆடிக்கொண்டிருந்தது.

“யக்கா, உன் பிரிஜ்ஜு மட்டுந்தான் பாக்கி. ஒரு கை புடி, ஏத்திடலாம்.”

சிட்டம்மாள் வாசற்படியை விட்டு நகரவில்லை.

முந்தின நாள் ஊராட்சி ஆபீசிலிருந்து ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்துக்கொண்டு போனதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். ஏழைகளின் கஷ்டம் தீர அரசாங்கம் செய்கிற காரியங்களால் பலன் உண்டா இல்லையா என்று பார்க்க ஒரு மதிப்பீட்டுக் குழு வருகிறதாம். மைக்கின் கரகரப்பில் தெருவின் காதில் விழுந்தது பாதிச் சொல்தான். மதிப்பு! அடகுக் கடையில் நகையை உரைத்துப் பார்த்துப் போடுவார்களே, அந்த மதிப்பு. சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துப் போடுவார்களே, அந்த மதிப்பு. இப்போது வீடு வீடாக வந்து சாமான்களுக்கு மதிப்பு போடப் போகிறார்கள். கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டால் அரிசி கார்டும் போச்சு, நூறு நாள் வேலையும் போச்சு! பொழுது விடிவதற்குள் தெரு முழுக்க முடிவு கட்டிவிட்டது. குழு ஏறி வரும் பெருநகர் ஊர் பஸ் வருவதற்குள் எல்லாச் சாமானும் மாதா கோவில் பின்னறைக்குப் போய்விட வேண்டும்.

“இன்னாக்கா நின்னுக்கினே கீற? உன் ஒரு வூட்டால தெருவுக்கே பேஜாராயிடும்” என்றான் சேட்டு.

“உள்ள உங்க மாமன் ஊசி மருந்து கீதுடா. கோயில் பின்னறையில கரண்டு ஏது?”

“ஒரு நாளுதானே? பானைத் தண்ணியில வையி. முன்னல்லாம் எங்க வெச்சிக்கினு இருந்த?”

அவன் வெள்ளையாகத்தான் கேட்டான். ஆனால் அந்தக் கேள்வி சிட்டம்மாளின் நெஞ்சில் நெருப்புத் துண்டாக விழுந்தது.

முன்னெல்லாம் எங்கே வைத்திருந்தாள்?

அவள் புருஷன் பெருமாளுக்குச் சர்க்கரை முற்றி, இனி மாத்திரை போதாது, காலையும் இரவும் இன்சுலின் ஊசி போட வேண்டும் என்று அரசு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மருந்து இலவசம். “குளிர்ச்சியில வெக்கணும்மா” என்றாள் நர்ஸ். காலனியில் அப்போது எந்த வீட்டில் பிரிஜ்? சிட்டம்மாள் தான் சிறு வயது முதல் களையெடுத்து, நாற்று நட்டு வந்த நிலத்தின் சொந்தக்காரர் ராஜாராமின் வீட்டுக் கொல்லை வாசலில் போய் நின்றாள். ராஜாராமின் மனைவி ராணியம்மாள் இளகிய மனசுக்காரிதான். மறுக்கவில்லை. மருந்தை இரண்டு பிளாஸ்டிக் கவரில் சுற்றித் தன் பிரிஜ்ஜின் கடைசித் தட்டில் ஒதுக்கி வைத்தாள். கேட்கும்போதெல்லாம் எடுத்து வந்து படிக்கட்டில் வைப்பாள். கையில் கொடுக்க மாட்டாள். வைத்துவிட்டு, கழனி வேலைக்குக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்வாள்.

“இன்னாமே, இன்னிக்கு ஆளு கம்மி. கயனிக்கு வந்துடு.”

“தோ வந்துட்டம்மா.”

வேறு என்ன சொல்ல முடியும்? புருஷனின் உயிர் அந்த வீட்டுக் கடைசித் தட்டில் அல்லவா இருந்தது! காய்ச்சலில் உடம்பு கொதித்த நாளிலும் ‘தோ வந்துட்டம்மா’தான். பெற்ற மகளுக்கு வாலாஜாபாத் ஆஸ்பத்திரியில் வலி எடுத்திருக்கிறது என்று போன் வந்த நாளிலும் அதேதான். பேரப்பிள்ளை முதல்முதலாக அழுத நேரத்தில் சிட்டம்மாள் அடுத்தவர் வயலில் குனிந்து கோரைப்புல் பிடுங்கிக்கொண்டிருந்தாள். கண்ணீர் சேற்றில் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவள் ஏரி வேலைக்குப் பெயர் கொடுத்தாள். நூறு நாள் வேலையை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். மரத்தடியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற வேலை என்று டீக்கடையில் சிரித்தவர்கள் உண்டு. சிட்டம்மாளின் உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள். மண் சட்டி அழுத்தி அழுத்தி அங்கே முடியே முளைப்பதில்லை. கூலி அவள் பெயரிலேயே பேங்கில் விழுந்தது. ரேஷன் அரிசி வந்ததால் அந்தக் கூலி உலையில் கரையவில்லை. ஒருநாள் உத்திரமேரூர்க் கடையிலிருந்து குங்கும நிறத்தில் ஒரு பிரிஜ் வந்து இறங்கியது. அவள் அதற்குள் முதலில் வைத்தது பாலும் இல்லை, பழமும் இல்லை. இரண்டு கவரையும் பிரித்துப் போட்டுவிட்டு, அந்த மருந்தை.

“நான் ஏத்த மாட்டேன்” என்றாள் சிட்டம்மாள்.

உள்ளேயிருந்து பெருமாளின் குரல் நடுங்கியது. “இந்தாமே, கார்டு பூட்ச்சின்னா இன்னா பண்ணுவ?”

“போனா போவட்டும்யா! ஒண்ணுமில்லாத வூட்டக் காட்டினா, இத்தினி வருசத்துல எதுவுமே மாறலன்னு சொல்லிக்கினு போவாங்கோ. அப்ப நான் தலையில சொமந்த மண்ணெல்லாம் எங்க போச்சி? ஏரிக்கரை தானா எய்ந்து நின்னுச்சா?”

சேட்டு தலையில் அடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். தெருப் பெண்கள் அவளை முறைத்தபடி உள்ளே போனார்கள். அரிசி போய்விடும் என்ற பயம் சிட்டம்மாளுக்கும் இருந்தது. ஆனாலும் அவள் பழைய புடவைத் துணியை நனைத்து, பிரிஜ்ஜைப் பளபளவென்று துடைத்தாள்.

குழுவிலிருந்து வந்தவள் ஷாரோன் என்ற சென்னைப் பெண். வெயிலில் முகம் கறுத்துப் போயிருந்தது. வீட்டுக்கு வீடு வெறும் சுவர். டிவி மாட்டியிருந்த இடத்தில் நாலு ஆணி மட்டும். ஒன்றும் புரியாமல் கடைசியாகச் சிட்டம்மாள் வீட்டு வாசலுக்கு வந்து, “கொஞ்சம் தண்ணி கிடைக்குமாம்மா?” என்று கேட்டாள்.

சிட்டம்மாள் பிரிஜ்ஜைத் திறந்தாள். ஜில்லென்று வேர்த்திருந்த பாட்டிலை எடுத்து, அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்தாள்.

குடித்து முடித்ததும் ஷாரோன் கேட்டாள். “அரசாங்கம் செஞ்சதுல உங்க கஷ்டம் கொறஞ்சிருக்காம்மா? ஏதாவது ஒரு நாள் அது தெரிஞ்சுதா?”

“கொறை கேளு, மொதல்ல அத்த சொல்றேன். கூலி சட்டுனு வரதில்ல. நூறு நாள்னு பேருதான், நூறு நாளும் வேலை குடுக்கறதில்ல. இந்தச் சர்க்கார் வூடு மயை பேஞ்சா ஒய்குது.” சிட்டம்மாள் மூச்சு விட்டாள். குரல் மாறியது. “ஆனா தெரிஞ்ச நாளு ஒண்ணு கீதும்மா. இந்தப் பொட்டி வந்த மறுநாளு. ரெட்டப் பனங்கயனிக்கு வான்னு ராணியம்மா போன் பண்ணாங்கோ. ‘நாளிக்கு வர்றம்மா’ன்னு சொன்னேன். என் வாயிலதான் அந்த வார்த்த வந்துச்சான்னு எனக்கே நம்ப முடியல. போன வெச்சிட்டு அயுதேன். அன்னிக்கு பஸ் ஏறிப் போயி பேரப்புள்ளய மடியில போட்டுக்கினு ஒக்காந்திருந்தேன். அவ்ளோதான், வேற ஒண்ணும் பண்ணல.”

ஷாரோன் பேனாவை மூடி வைத்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

அந்த நேரத்தில் வாசலில் பைக் வந்து உறுமியது. ராணியம்மாளின் மகன் தினேஷ்குமார். காலை ஊன்றியபடியே குரல் கொடுத்தான். “சிட்டம்மா! நடவுக்கு ஆளு பத்தல. அம்மா இப்பவே வரச் சொன்னாங்க.”

பெருமாள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான். சிட்டம்மாள் வாசலுக்கு வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“வூட்டுக்கு ஆளு வந்துகீறாங்கோ, தம்பி. நாளிக்கு வர்றேன்.”

தினேஷ்குமார் உள்ளே உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தான், பளபளத்த பிரிஜ்ஜைப் பார்த்தான், பிறகு சிட்டம்மாளைப் பார்த்தான்.

“சரி. நாளைக்குக் கண்டிப்பா வந்துடுக்கா.”

அக்கா! அவன் தவழ்ந்த நாளில் இடுப்பில் தூக்கி வைத்து வேடிக்கை காட்டியவள் அவள். பேசத் தெரிந்த நாளிலிருந்து அவன் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறான். இன்றைக்குத்தான் முதல்முறையாக அந்தச் சொல் அவன் வாயில் வந்தது. பைக் புழுதி கிளப்பிக்கொண்டு போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள்.

“மதிப்பு போட்டாச்சாம்மா?” என்று திரும்பி வந்து மெதுவாகக் கேட்டாள். “கார்டை எப்ப வெட்டுவீங்கோ?”

“கார்டா? எங்களுக்கு அந்த அதிகாரமே கிடையாதும்மா! இதெல்லாம் பலன் குடுத்துச்சான்னு தெரிஞ்சுக்கத்தான் வந்தோம்.”

பெருமாள் முதலில் சிரித்தான். சிரிப்பு இருமலானது. இருமிக்கொண்டே தெருவைப் பார்த்துக் கத்தினான். “டேய் சேட்டு! எல்லாத்தையும் திருப்பிக் கொண்டாடா!”

அரைமணி நேரத்தில் குட்டியானை திரும்பியது. முறைத்துவிட்டுப் போன பெண்களே, “யம்மா, எங்க வூட்டுக்கும் வாயேன்! ஜில்லுனு இல்லன்னாலும் எங்க வூட்லயும் தண்ணி கீது!” என்று ஷாரோனை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே முதல் வீட்டிலிருந்து மறுபடி தொடங்கினாள்.

பீரோவை இறக்கிய சேட்டு, வேர்வையைத் துடைத்தபடி சிட்டம்மாளிடம் வந்தான். “இன்னாக்கா, உனக்கு இன்னா மதிப்புதான் போட்டாங்கோ?”

“அத்த நீ தினேசைப் போய்க் கேளு” என்றாள் அவள்.

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போதே சிட்டம்மாள் பெருமாளுக்கு ஊசி போட்டுவிட்டு, மருந்தைத் தன் பிரிஜ்ஜில் வைத்து மூடினாள். நேராக நடவுக்குப் போனாள். நாளைக்கு என்று வாக்குக் கொடுத்திருந்தாள் அல்லவா?