தாலி என்றால் கயிறு

லோரி யார்டில் நான் ஒருவன்தான் இப்போது கயிறு என்று சொல்கிறேன். மற்ற எல்லாருக்கும் அது தாலி. மலாயில் கயிற்றுக்கு அதுதான் பெயர். மலாய்க்காரர் சொன்னால் குறுகி, சட்டென்று முடியும். எங்கள் வாயில் விழுந்ததும் நீண்டு, கழுத்தில் கட்டுகிற தாலியாகவே ஆகிவிடும். போர்ட் கிள்ளானில் சரக்கு ஏற்ற ஆரம்பித்த நாளிலிருந்து "தாலிய இறுக்கு", "தாலி பத்தல, இன்னொன்னு எடு" என்று நானும் கத்தியவன்தான். ஒருநாளும் காதில் உறுத்தியதில்லை.

உறுத்தியது, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்த தம்பிக்கு. முப்பத்தைந்து வயதிருக்கும். என் லோரிக்குச் சரக்குக் கட்ட வந்த முதல் நாள், "தாலிய அவுத்துப் போடு தம்பி" என்றேன். மனுஷன் அப்படியே நின்றுவிட்டார்.

"யாரு தாலிண்ணே?"

"லோரி தாலிதான் லா."

"உங்க ஊர்ல லோரிக்கும் கல்யாணம் பண்ணி வைப்பீங்களா?"

யார்டே சிரித்தது. அவர் மட்டும் கடைசிவரை அந்தச் சொல்லை வாயில் எடுக்கவில்லை. "வீட்டுல தெரிஞ்சா வெளக்குமாத்தால வாயிலயே போடுவா" என்பார். மத்தியானம் சாப்பிட்டதும் மனைவிக்கு வீடியோ கால் போடுவார். என்னையும் காட்டுவார். "அண்ணே, இவரு நெசமாவே சாப்பிட்டாரா, இல்ல எனக்குப் படம் காட்டுறாரா?" என்று அந்தத் தங்கச்சி கேட்கும். பாதிச் சிரிப்பிலேயே பேசுகிற குரல்.

ஒருநாள் சுபாங் ஜெயாவில் இருக்கிற ஒரு கடைக்குப் பிளாஸ்டிக் பைப்புகள் ஏற்றினோம். நைலான் கயிற்றைக் கொக்கியில் மாட்டுவதற்கு முன் அவர் அதைப் புரட்டிக் காட்டினார். கொக்கி உரசுகிற இடத்தில் ஒரு புரி விட்டிருந்தது.

"நூலு விட்டிருக்கு அண்ணே."

நானும் பார்த்தேன். ஸ்டோரில் புதுச் சுருள் இருந்தது. எடுத்துவர ஐந்து நிமிஷம்கூட ஆகாது. ஆனால் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்தால் ஹைவேயில் மாட்டிக்கொள்வோம் என்று எனக்கு அவசரம்.

"இன்னும் ரெண்டு நடை தாங்கும் லா. கட்டு."

லோரியின் விளிம்பில் நின்று, உடம்பை முழுசாகப் பின்னால் சாய்த்து இழுப்பதுதான் எங்கள் வழக்கம். கையைவிட உடம்பின் கனம்தான் கட்டை இறுக்கும். அப்படித்தான் இழுத்தார். கயிறு அறுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. சிமெண்ட் தரையில் பின்மண்டை பட்ட சத்தம் கேட்டது.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போது நினைவு இருந்தது. "அவகிட்ட நீங்களே சொல்லிருங்கண்ணே, பக்குவமா" என்று போனைக் கொடுத்தார்.

நான் பக்குவமாகச் சொன்ன அழகு இதுதான்: "பயப்படாதம்மா. தாலி அறுந்துடுச்சு..."

மேலே சொல்வதற்குள் அந்தப் பக்கம் ஓர் அலறல். போன் கீழே விழுந்து லைன் போய்விட்டது.

அந்த வார்த்தைக்கு அவர்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். யார்டுக்கு வெளியே எங்கள் ஊரிலும் அதேதான். பதற்றத்தில் யார்டுப் பேச்சு முந்திக்கொண்டது. திரும்பத் திரும்ப அடித்தேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் யாரோ ஓர் ஆண் எடுத்தார். பின்னால் ஒப்பாரி. "ஆள் உசுரோட இருக்காருங்க, கயிறுதான் அறுந்துச்சு, எங்க ஊர்ல கயித்துக்குத் தாலின்னு பேரு" என்று ஆஸ்பத்திரி வார்டு திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவர் நம்பவில்லை. தலையில் கட்டோடு படுத்திருந்தவரின் வாயருகே போனை வைத்தேன்.

"நான்தாண்டி" என்றார்.

அழுது தீர்ந்த பிறகு தங்கச்சிக்குச் சிரிப்பு வந்தது. "என்ன ஊருண்ணே உங்க ஊரு? கயித்துக்கு வேற பேரே கெடைக்கலையா? பாதித் தெரு மாலையோட வந்து நிக்குது." அவரும் சிரிக்கப் பார்த்து, வலியில் தலையைப் பிடித்துக்கொண்டார். கயிறு ஏன் அறுந்தது என்று அந்தத் தங்கச்சி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவரும்தான் சொல்லவில்லை.

மறுநாளும் நன்றாகப் பேசினார். மூன்றாம் நாள் காலை வாந்தி எடுத்தார். பேச்சு குழறியது. அவசரமாக உள்ளே கொண்டுபோனார்கள். மத்தியானம் டாக்டர் வெளியே வந்து, மண்டைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது, ஆள் இல்லை என்றார்.

அவர் போன் என் சட்டைப்பையில் இருந்தது. எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே அது அடித்தது. அவர் வழக்கமாக வீட்டுக்குக் கூப்பிடும் நேரம் தாண்டியிருந்தது.

"என்ன, தொரைக்கு இன்னைக்குப் பேச நேரமில்லையா?"

"அம்மா" என்றேன்.

"அண்ணனா? என்னண்ணே, இன்னைக்கும் கயிறா?" சிரித்தது. நான் சேர்ந்து சிரிக்காததில் அந்தச் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"அண்ணே. கயிறுன்னு சொல்லுங்க."

"கயிறுதாம்மா" என்றேன். "நூலு விட்டிருந்துச்சு. அவரு எங்கிட்ட காட்டினாரு."