எஃபியின் கோழிக்கூடும் மூன்று மூட்டை ரோமமும்

எஃபி ரென்னிக்கு எழுபத்து நாலு வயது. மானியோட்டோட்டோ சமவெளியில் ரயில் ஓடிய காலத்தில் தண்டவாளம் பார்க்கும் ஆளுக்குக் கொடுத்த தகர வீட்டில்தான் பிறந்தார். அவருடைய அப்பா தண்டவாளம் பார்த்தவர். ரயில் நின்று, தண்டவாளத்தையும் பிடுங்கிக்கொண்டு போன பிறகும் எஃபி அந்த வீட்டை விடவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பது வருஷம் ஆட்டு ரோமம் வெட்டும் கூட்டத்துக்குச் சமையல்காரியாக ஊர் ஊராகப் போனார். கால் வலி வந்த பிறகு வீட்டில் உட்கார்ந்தார், கோழி வளர்த்தார்.

கோடையில் அந்த வீட்டு வாசலில் ஆள் இருக்கும். தண்டவாளம் இருந்த பாதையில் இப்போது சைக்கிள்காரர்கள் போகிறார்கள். தண்ணீர் கேட்பார்கள், முட்டை வாங்குவார்கள், கோழியோடு படம் எடுத்துக்கொள்வார்கள். எங்கள் பக்கத்தில் ஜூன், ஜூலைதான் குளிர்காலம்; மே மாதம் வந்தாலே ஒருத்தரும் கிடையாது. அப்புறம் அந்த வழியில் வருகிற ஒரே வண்டி என்னுடைய தபால் வண்டிதான். திங்கள், புதன், வெள்ளி.

கோழிகளுக்கு அவர் வைத்த பெயரெல்லாம் பழைய ரோமம் வெட்டும் ஆட்களின் பெயர். பெரிய மிக், ஸ்னோ, ப்ளூயி என்று. எல்லாம் பெட்டைக் கோழி. ஆனால் எஃபி வாயில் எல்லாம் "அவன்"தான்.

"ஸ்னோ இன்னைக்கு முட்டை போட்டான்டா ரெக்ஸ். மிக் சும்மா படுத்திருக்கான். உசுரோட இருந்தப்பவும் அவன் அப்படித்தான்," என்பார் என்னிடம்.

போன ஈஸ்டருக்கு அவருடைய தம்பி மகன் காவின் டனீடின் நகரத்திலிருந்து வந்தான். அங்கே முதியவர்கள் இருக்கும் குடியிருப்பில் ஒரு வீடு பார்த்து வைத்திருந்தான். நல்ல வீடு, சுவரில் ஹீட்டர், கடைக்கு நடந்தே போகலாம். கோழி மட்டும் வைக்கக் கூடாது.

"அத்தை, போன குளிர்ல பதிமூணு கோழில நாலு போச்சு. இந்தக் குளிர்ல மிச்சமும் போயிடும். அப்புறம் எதுக்கு இங்க இருக்கீங்க?"

"போனா பாப்போம்."

"பாக்கிறதெல்லாம் வேணாம். கோழி எல்லாம் போச்சுன்னா என்கூட வந்துடணும். ஆகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமை டிரெய்லர் எடுத்துட்டு வருவேன்."

"ஒண்ணு மிஞ்சினாலும் நான் வரமாட்டேன்."

"சரி, ஒண்ணு மிஞ்சினா இருங்க."

இதை நான் தபால் கொடுக்கப் போனபோது என் காதாலேயே கேட்டேன். காவின் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எஃபி சிரிக்கவில்லை.

ஏன் போகக் கூடாது என்று ஒருமுறை நானும் கேட்டுப் பார்த்தேன்.

"அங்க போனா நாப்பது கெழவிங்க நடுவுல உக்காந்து, எவ பேசுவா எவ பேசுவான்னு மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கணும். இங்க யாருமே இல்லன்னு தெரியும். எதிர்பார்க்க வேண்டியதில்ல. நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்காம கெளம்பு."

மே மாதம் கோழிக்கூட்டைப் பார்த்தோம். பழைய ரயில் பலகையால் அடித்த கூடு. ஆள் குனிந்து உள்ளே போகலாம். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் விரல் போகிற சந்து. கூரைக்குக் கீழே கை போகிற சந்து. எங்கள் பக்கத்தில் பழைய வீடு எதைப் பிரித்தாலும் சுவருக்குள் ஆட்டு ரோமம் இருக்கும். குளிருக்கு அதுதான் எங்களுக்குத் தெரிந்த மருந்து. என் அண்ணன் கொட்டகையில் வயிற்றுப் பக்கத்து ரோமம், யாரும் வாங்காதது, மூன்று மூட்டை கிடந்தது. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். நானும் எஃபியும் ஒரு பகல் முழுக்கக் கத்தி முனையால் குத்திக் குத்தி அடைத்தோம். கூரைக்குக் கீழே இருந்த சந்தையும் விடவில்லை.

எஃபி உள்ளே கையை நீட்டிப் பார்த்தார். "அடுப்படி மாதிரி இருக்குடா. இனிமே வரட்டும் குளிரு, பாத்துக்கலாம்."

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஜூன் பன்னிரண்டாம் தேதி டிமாருவில் என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எனக்கு முதல் பேத்தி. அந்த வாரம் நான் தபால் கொடுத்தேனா, போட்டோ காட்டினேனா என்று கேட்டால் எனக்கே தெரியாது. தபால் பெட்டியில் போட வேண்டியதையெல்லாம் இறங்கி, கதவைத் தட்டிக் கையில் கொடுத்தேன். எஃபி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"தலை பெரிசா இருக்கு. உன்னை மாதிரி."

"எல்லாரும் என் மாதிரின்னுதான் சொல்றாங்க."

"அதுக்கு வருத்தப்படணும்டா, பல்லக் காட்டுற. பேரு என்ன?"

"தோரா."

"தோரா," என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். போட்டோவை உடனே திருப்பித் தரவில்லை.

ஜூலையில் மூடுபனி வந்து உட்கார்ந்தது. மூடுபனி வந்தால் எங்கள் சமவெளியில் ஐந்தாறு நாள் வெயிலே கிடையாது. மரம், வேலிக்கம்பி, புல் எல்லாம் வெள்ளை முள் முளைத்த மாதிரி ஆகிவிடும். மைனஸ் பன்னிரண்டு, மைனஸ் பதின்மூன்று. இதற்கு நாங்கள் யாரும் அழ மாட்டோம். அணைத் தண்ணீர் கல் மாதிரி உறைந்தால்தான் அந்தப் பனிக்கட்டி மேல் வழுவழுப்பான கல்லைச் சறுக்கித் தள்ளும் பெரிய ஆட்டம் நடக்கும். சில வருஷம் நடக்கவே நடக்காது. அதனால் குளிர் ஏற ஏற ஊருக்கே சந்தோஷம். கடையில், பட்டறையில் ஒரே பேச்சு: "பனிக்கட்டி எத்தனை அங்குலம் ஆச்சு?" நானும் மூலையில் கிடந்த என் ஆட்டக் கல்லையும், அது ஓடும் பாதையைத் தேய்க்கும் துடைப்பத்தையும் எடுத்துத் துடைத்து வைத்தேன்.

எஃபி மட்டும்தான், "போதும்டா சாமி, நிறுத்தச் சொல்லு," என்றார்.

மூடுபனி விலகாத ஒரு திங்கட்கிழமை தபால் கொடுக்கப் போனபோது ப்ளூயிக்கு ஒரு கண்ணில் நுரை கட்டியிருந்தது. இன்னொரு கோழி தும்மிக்கொண்டிருந்தது. மிக்கின் கொண்டை நுனி குளிரில் கறுத்துவிட்டது. நான் கூட்டுக் கதவைத் திறந்தேன். நாற்றம் கண்ணில் குத்தியது. உள்ளே தகரக் கூரையில் சொட்டுச் சொட்டாக உறைந்து நின்றது. கீழே வைக்கோலைத் தொட்டேன், ஈரம்.

என்னமோ சரியில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்தது. நின்று யோசித்திருக்கலாம். பையில் போன் அடித்தது. ஆட்டம் அறிவித்துவிட்டார்கள், நாளைக் காலையில் அணைக்கு வா என்றார்கள்.

"குளிரு தாங்கல எஃபி, அதான்," என்றேன். "தபாலுக்கு வேற ஆள் வருவான். ரெண்டு நாள் ஆட்டம். வியாழக்கிழமை நானே வந்து பாக்கறேன்."

"போ போ. உன் கல்லு உனக்காகக் காத்துக்கிட்டிருக்கு."

செவ்வாய், புதன் இரண்டு நாளும் நான் பனிக்கட்டியின் மேல் இருந்தேன். சூப், விஸ்கி, சத்தம், சிரிப்பு. பேத்தி போட்டோவை நூறு பேருக்காவது காட்டியிருப்பேன். எஃபியை நினைக்கவில்லை. நினைத்தேன் என்று எழுதினால் பொய்.

வியாழக்கிழமை காலை போனேன். எஃபி கூட்டு வாசலில் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சாக்கின் மேல் மூன்று கோழி வரிசையாகக் கிடந்தன. ஸ்னோவும் அதில் இருந்தது.

"ராத்திரி முழுக்கக் கம்பளி போத்தினேன்டா கதவு மேல. மிச்சமிருந்த ரோமத்தையும் வச்சு இடுக்கெல்லாம் அடைச்சேன். காத்து ஒரு துளி போகல. அப்படியும் செத்துட்டாங்க."

நான் கதவைத் திறந்து உள்ளே குனிந்தேன். எஃபியும் பின்னாலேயே வந்தார். ஆறு கோழி கட்டையில் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. மூச்சு கரகரவென்று கேட்டது. எஃபி கூரைக்குக் கீழே இருந்த ரோமத்தை ஒரு கைப்பிடி பிடுங்கிப் பிழிந்தார். தண்ணீர் சொட்டியது.

அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு வாயைத் திறந்து ஒரு பெரிய மூச்சு விட்டார். அது வெள்ளையாகக் கிளம்பி, போக வழியில்லாமல் கூரையில் போய் ஒட்டியது.

"கெட்டில்," என்றார்.

"என்ன எஃபி?"

"முப்பது பேருக்கு டீ போடற கெட்டில் கொதிக்கும்போது ஜன்னலச் சாத்தினா என்ன ஆகும்? செவுரு அழும். ரொட்டி பூத்துப் போகும். பத்தொம்பது வயசுலயே எனக்கு இது தெரியும்டா. ஒன்பது பேரு ராத்திரி பூரா மூச்சு விடறான், பேளறான். அது எங்க போகும்? அவங்க மேலயேதான் எறங்கியிருக்கு. குளிரு கொல்லல. நாமதான் நனைச்சுக் கொன்னுருக்கோம்."

"ரோமம் கொண்டாந்தது நான்தான்," என்றேன்.

"குத்தினது நானும்தான். அழுவாத. ஏணியக் கொண்டா."

வெளியே மைனஸ் பதின்மூன்று. மேலே இருக்கும் ரோமம் எல்லாவற்றையும் பிடுங்கினால் கூடு ஐஸ் பெட்டி ஆகிவிடும் என்று எனக்குப் பயம்.

"பாதி எடுப்போம், பாதி இருக்கட்டும்," என்றேன்.

"பாதி வெந்த உருளைக்கிழங்க எவன் திம்பான்? மேல பூராவும் எடு. அவங்க தலைக்கு மேல காத்துப் போகட்டும். உடம்புக்கு நேரா அடிக்கக் கூடாது, அவ்வளவுதான். கீழ இருக்கிறது இருக்கட்டும்."

சொல்லும்போது குரல் கறாராக இருந்தது. ஆனால் அடுத்த கைப்பிடியைப் பிடுங்குமுன் அந்த ஆறு கோழியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தப்பாகப் போனால் காலையில் ஒன்றுமே மிஞ்சாது. மிஞ்சாவிட்டால் டனீடின்தான்.

மத்தியானம் வரை பிடுங்கினோம். ஈர வைக்கோலை வாரி வெளியே கொட்டி, உலர்ந்த மரச்சீவலை முழங்கால் அளவுக்குப் போட்டோம். குச்சி மாதிரி இருந்த கட்டையை எடுத்துவிட்டு அகலப் பலகை வைத்தேன். அதில் தட்டையாக உட்கார்ந்தால் கோழி தன் வயிற்றாலேயே கால் விரலை மூடிக்கொள்ளும். எஃபி கொண்டைகளில் குளிர் ஏறாதபடி வாஸ்லின் களிம்பு தடவினார். நாலு மணிக்குக் கோதுமையும் சோளமும் கை நிறையக் கொடுத்தார். இரைப்பை நிறைய இருந்தால் ராத்திரி உள்ளேயிருந்து சூடு வரும். வெந்நீர் காட்டினார். குடித்த பிறகு தண்ணீர்ப் பாத்திரத்தை வெளியே எடுத்துவிட்டார், உள்ளே இருந்தால் அதுவும் ஈரம்தான்.

"நீ வீட்டுக்குப் போ," என்றார். "ரெண்டு பேரும் நின்னு பாத்தா குளிரு கொறையப் போறதில்ல."

வெள்ளிக்கிழமை தபால் பிரிக்கும் முன்னாடியே போனேன். எட்டு மணி, அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. எஃபி கூட்டுக் கதவின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். தாழ்ப்பாளில் கை இருந்தது, திறக்கவில்லை. எவ்வளவு நேரமாக நின்றாரோ, தொப்பியில் வெண்பனி படிந்திருந்தது.

"உள்ள சத்தமே இல்லடா. நீ தெற."

திறந்தேன். உள்ளே வெளியே மாதிரியே குளிர். ஆனால் நாற்றம் இல்லை. கூரை காய்ந்திருந்தது. பலகையின் மேல் ஆறு பஞ்சுப் பந்து. பெரிய மிக் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, மறுபடி மூடிக்கொண்டது.

"ஆறு," என்றேன்.

"மிக் எந்திரிச்சானா?"

"இல்ல. கண்ண மூடிட்டான்."

"அப்ப நல்லாத்தான் இருக்கான்." எஃபி திரும்பி வேலிப் பக்கம் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொப்பியிலிருந்த வெண்பனியைத் தட்டினார்.

ப்ளூயி பிழைக்கவில்லை. கண்ணில் தொடங்கிய நோய் ஆகஸ்ட் முதல் வாரம் அதைக் கொண்டுபோனது. மிச்சம் ஐந்து.

சொன்ன வெள்ளிக்கிழமை காவின் டிரெய்லரோடு வந்தான். உள்ளே அட்டைப்பெட்டிகூட வாங்கிப் போட்டிருந்தான். நான் போனபோது இருவரும் முற்றத்தில் நின்றார்கள். ஐந்து கோழியும் அவர்கள் காலைச் சுற்றிக் கிளறிக்கொண்டிருந்தன.

"அத்தை, அஞ்சு கோழிக்காகவா?"

"ஒண்ணு போதும்னு நீதான் சொன்ன. நாலு அதிகமாவே இருக்கு."

"நான் விளையாட்டுக்குச் சொன்னேன்."

"நான் விளையாட்டுக்குச் சொல்லல."

காவின் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கெட்டவன் இல்லை அவன். மூன்று மணி நேரம் பனியில் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.

"சரி, ஒண்ணு கேக்கறேன். நீங்க இந்த ஐஸ்ல வழுக்கி விழுந்தா யாருக்குத் தெரியும்?"

"இவங்களுக்குத் தெரியும்."

"கோழி போன் பண்ணுமா அத்தை?"

எஃபி குனிந்து மிக்கைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

காவின் டீ குடித்தான். விறகு பிளந்து அடுக்கிக் கொடுத்தான். அட்டைப்பெட்டிகளை எரிக்க வைத்துக்கொள்ளுங்கள் என்று இறக்கி வைத்தான். காலி டிரெய்லர் தடதடவென்று பாலம் தாண்டிப் போகும் வரை நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

எனக்கு இன்னும் பதினாலு வீட்டுத் தபால் பாக்கி. அது முடிந்ததும் டிமாருவுக்குப் பேத்தியைப் பார்க்கப் போக வேண்டும். ஆனாலும் உள்ளே போய் உட்கார்ந்தேன். எஃபி எனக்கு வேறு கோப்பையில் டீ ஊற்றினார். காவின் குடித்த கோப்பையைக் கழுவாமல் மேஜையிலேயே விட்டிருந்தார்.

"ஜெயிச்சிட்டீங்க எஃபி."

"ம்."

வெளியே கோழிகள் சாம்பலில் புரண்டுகொண்டிருந்தன. எஃபி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வருஷமும் டிரெய்லர் எடுத்துட்டு வருவான்," என்றார்.

"வருவான். விடமாட்டான்."

"வரட்டும்," என்றார். கொஞ்சம் கழித்து, என்னைப் பார்க்காமல், "வந்தா நல்லாத்தான் இருக்கும்," என்றார்.