எல்லைக்குள் பத்து நாள்

என் அண்ணன் டில்லிபாபு அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்திரண்டு வருடம் இரும்பு கடையும் லேத் மெஷின் ஓட்டினார். தொடங்கிய வெட்டைப் பாதியில் நிறுத்தவே மாட்டார். டீ வந்து ஆறிக்கிடக்கும். "நடுவுல நிறுத்தினா அந்த எடத்துல கோடு வுழும் மதி. அப்பறம் இன்னா தேச்சாலும் போவாது" என்பார். அவருடைய வைத்தியம் நடுவில் நின்றது. நிற்கக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை.

அவருக்கு வந்தது ஆசனவாயில் புற்றுநோய். மூலம் என்று நினைத்து ஒரு வருடம் களிம்பு தடவினார். ரத்தம் நிற்காமல் போன பிறகு நான்தான் நகரத்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். டாக்டரம்மா தைரியமாகவே பேசினார். கட்டி சின்னது, அறுவை வேண்டாம், கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துக் கொடுத்தால் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார். வாரம் ஐந்து நாள், மொத்தம் இருபத்தெட்டு கதிர். முதல் வாரமும் ஐந்தாம் வாரமும் கீமோ. ஒழுங்காக வரச் சொன்னார். வராவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை.

எங்கள் ஊர் வெள்ளானூரில் நோயின் பெயரை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. தொண்டை என்றால் சொல்லியிருப்போம். இந்த இடத்தை எப்படிச் சொல்வது? மூலம் என்றே சொல்லிவைத்தோம். கோயில் விழாக் குழுவின் தலைவர் நாகப்பன் பஸ் ஸ்டாப்பில் எல்லோர் முன்னாலும் கேட்பார்: "இன்னா டில்லி, மூலத்துக்கா தெனம் பட்டணம் போய்கினு கீற? கோழிய நிறுத்து நைனா, தானா அடங்கிடும்." அண்ணனும் சேர்ந்து சிரிப்பார்.

அந்த ஆடியில் அம்மனுக்குக் கரகம் எடுக்கும் முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. விட்டால் மறுபடி வர பதினான்கு வருடம். கரகம் எடுப்பவர் கையில் காப்பு கட்டிவிட்டால் பத்து நாள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

"முடியாதுன்னு சொல்லுண்ணா."

"இன்னான்னு சொல்றது? மூலத்துக்குப் பயந்து முறைய வுட்டுட்டான்னு சிரிப்பானுங்க."

"அப்ப உண்மைய சொல்லு."

"எந்த எடத்துலன்னு கேப்பாங்களே. எம் பொண்ணு கவிப்பிரியாவுக்கு மாப்ள பாத்துனு கீறேன். வாய மூடு."

அதுவரை பதினேழு கதிர் முடிந்திருந்தது. தோல் வெந்து, உட்கார முடியாமல் ரயிலில் நின்றபடியே வந்துகொண்டிருந்தார். கதிர் அறை வாசலில் சீட்டு வாங்குபவரிடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "எட்டு கதிர்தானே போவுது? கடைசில சேத்துப் போட்டுக்கலாம். புண்ணும் ஆறும்." பக்கத்தில் நின்ற நான் எம்.காம். படித்தவள். டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. புண் ஆறட்டும் என்று நானும் நினைத்தேன்.

வெந்த தோலின் மேல் மஞ்சள் வேட்டி கட்டி அண்ணன் கரகம் எடுத்தார். நாகப்பன் காலில் தண்ணீர் ஊற்றி வணங்கினார். அந்தப் பத்து நாளுக்குள்தான் ஐந்தாம் வாரக் கீமோவும் தள்ளிப்போனது. பிறகு போய், விட்டுப்போனதையெல்லாம் முடித்தார். இருபத்தெட்டு என்ற எண்ணிக்கை சரியாக இருந்தது.

எட்டே மாதத்தில் கட்டி திரும்ப வந்தது. அப்போதுதான் வேறொரு டாக்டர் உட்காரவைத்துப் பேசினார். "கதிரும் மருந்தும் ஒன்னா சேந்து, இடைவெளி இல்லாம போகணும்மா. நடுவுல விட்டா மிச்சம் இருக்கற செல் மறுபடி பெருக ஆரம்பிச்சுடும். கடைசில சேத்துப் போட்டாலும் அத ஈடு கட்ட முடியாது. இவருக்கு அதனாலதான் திரும்புச்சுன்னு உறுதியா சொல்ல மாட்டேன். ஆனா விட்டிருக்கக் கூடாது."

இந்தச் சில வாக்கியங்களைப் பேச எவ்வளவு நேரம் ஆகும்? முதல் நாளே பேசியிருந்தால், நானே நாகப்பன் வீட்டு வாசலில் நின்று எந்த இடம் என்று கத்திச் சொல்லியிருப்பேன். பிறகு ஆசனவாயையே அகற்றி, மலம் போக வயிற்றில் பை வைத்தார்கள். பையை மறைக்கப் பெரிய சட்டையாகப் போட்டுக்கொண்டார். போன மாதம் போய்விட்டார்.

பதினாறாம் நாள் போஸ்டருக்கு ஆவடியில் முகமது ஆசிக்கின் அச்சுக் கடைக்குப் போனேன். 'உடல்நலக் குறைவால்' என்று அவரே அடித்து வைத்திருந்தார். அதை எடுத்துவிட்டு 'ஆசனவாய்ப் புற்றுநோயால்' என்று போடச் சொன்னேன்.

"வேணாம்க்கா. ஊருல ஒரு மாதிரி பேசுவாங்க."

"பேசாததாலதான் செத்தாரு. போடுங்க."

போஸ்டரைப் பார்த்து நாகப்பன் வீட்டுக்கே வந்தார். "இன்னாம்மா மதி, படிச்ச பொண்ணு, செத்தவன் மானத்த இப்டி வாங்கறியே?"

"நீங்க சிரிப்பீங்கன்னுதான் மாமா அவரு காப்பு கட்டிக்கினாரு."

செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் பார்த்தால், தெருவிலிருந்த எல்லாப் போஸ்டரிலும் அந்த ஒரு வார்த்தையின் மேல் தார் பூசியிருந்தது. அண்ணன் முகத்தில் ஒரு சொட்டுப் படாமல் அத்தனை கவனமாகப் பூசியிருந்தார்கள்.

ஆசிக்குக்குப் போன் செய்தேன். இன்னும் ஐம்பது. அதே வார்த்தை, இரண்டு மடங்கு பெரிதாக. அதன் கீழே ஒரு வரி: 'கதிர் வைத்தியத்தை நடுவில் நிறுத்தாதீர்கள்.'