ஆசிலேட்டரும் மில் சங்கும்

1. கேள்வி

"காதர் பாய், அன்னிக்கு நீங்க அந்தச் சத்தத்தை விட்டப்ப மணி என்ன?" என்று தாசில்தார் கேட்டார்.

என் வாழ்நாள் முழுக்க ரேடியோ மெக்கானிக்காக இருந்தவன் நான். இதைவிட எளிமையான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. தாலுகா ஆபீசின் அந்த அறையில் ஒரு பக்கம் ரைஸ்மில் முதலாளி சாமிநாதன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிர்ப் பக்கம் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் இரண்டு பேர். அவர்களுக்குப் பின்னால் நடவுப் பெண்கள் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு யாரும் நாற்காலி போடவில்லை. நான் நடுவில் நின்றேன்.

என்னைப் போலவே வீட்டில் சின்தசைசர் என்கிற எலக்ட்ரானிக் இசைக்கருவியைக் கட்டுகிற பிள்ளைகள் சிலர் இப்போது எனக்குக் கடிதம் போடுகிறார்கள். எந்த ஐ.சி. போட்டீர்கள், ஃபில்டருக்கு என்ன மதிப்பில் கண்டன்சர், சர்க்யூட் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இருக்கிறது, தருகிறேன். ஆனால் அந்தக் கருவியால் நடந்ததையும் அவர்கள் படித்துவிட வேண்டும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2. பிஸ்கட் டின்

மன்னார்குடிக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் என் கடை. முன்னால் ரிப்பேர் மேசை, பின்னால் நான் படுக்கிற அறை, அதற்கும் பின்னால் கண்ணுக்கெட்டியவரை வயல். கடை வரிசை முழுவதும் சாமிநாதனுடையது. எதிரே இருந்த ரைஸ்மில்லும் அவருடையது, பின்னால் இருந்த வயலில் பாதியும் அவருடையது.

ரேடியோ ரிப்பேர் போக மைக் செட்டும் வாடகைக்கு விடுவேன். கழகக் கூட்டமா, என் செட்தான். செங்கொடிக் கூட்டமா, அதற்கும் என் செட்தான். முதலாளி வீட்டுக் காதுகுத்துக்கும் நான்தான் குழாய் ஸ்பீக்கர் கட்டினேன். யார் பேசினாலும் ஆம்ப்ளிஃபயருக்கு ஒன்றுதான் என்று பெருமையடித்துக்கொள்வேன். உள்ளபடி சொன்னால், எந்தப் பக்கமும் நிற்கத் துணிவில்லாதவனுக்கு அது வசதியான தொழில்.

அத்தா மௌத்தாகி, தங்கைகள் கல்யாணமாகிப் போய், அண்ணன் சிங்கப்பூரோடு தங்கிவிட்ட பிறகு நான் தனி ஆள். பழைய எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகைகளை அண்ணன் கட்டாகக் கட்டி அனுப்புவார். அதில் ஒன்றில்தான் மாடுலர் சின்தசைசரைப் பார்த்தேன். சத்தத்தை உண்டாக்க ஒரு பெட்டி, அதுதான் ஆசிலேட்டர். அதன் கூர்மையைக் குறைக்க இன்னொரு பெட்டி, அது ஃபில்டர். சத்தம் மெதுவாக எழுந்து மெதுவாக அடங்க ஒரு பெட்டி, அது என்வலப். பெட்டிகளை ஒயரால் எப்படிக் கோக்கிறோமோ அப்படிச் சத்தம் வரும். நான் செய்த முதல் ஆசிலேட்டர் பிஸ்கட் டின்னுக்குள் உட்கார்ந்தது. மற்றவற்றுக்கு ஹைலம் ஷீட் என்கிற கெட்டித் தகட்டை அறுத்து முகப்பு போட்டேன். கோக்கிற ஒயர் எல்லாம் அறுந்துபோன மைக் கேபிள்.

முதல் வருடம் ஒரு கோளாறோடு மல்லுக்கட்டினேன். காலையில் சரியாக இருக்கும் சுருதி பத்து மணிக்கு மேல் இறங்கிப் போகும். டிரான்சிஸ்டர் மாற்றினேன், ரெசிஸ்டர் மாற்றினேன், சால்டரிங் சரியில்லை என்று போர்டையே திரும்பச் செய்தேன். ஐந்தாறு மாதம் போனபிறகு ஒரு நாள் சுருதி இறங்கிய அதே நேரத்தில் பின்பக்க வயலில் பம்புசெட் ஓடுகிற சத்தம் கேட்டது. ஊரில் உள்ள மோட்டாரெல்லாம் ஓடினால் லைனில் வோல்டேஜ் எப்படி நிற்கும்? லோ வோல்டேஜில் ரேடியோ கரகரக்கிறது என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துகிற எனக்கு அது உறைக்கவில்லை. நல்ல ரெகுலேட்டர் போட்டதும் சரியாயிற்று.

அடுத்தது சுருதி சேர்ப்பது. நிலையான சுருதிக்கு நான் எங்கே போவேன்? ரேடியோவில் மணி சொல்வதற்கு முன்னால் 'பீப் பீப்' என்று வருமே, அந்தச் சுருதி மாறவே மாறாது. தினமும் மாலை ஐந்து மணி பீப்புக்குக் காத்திருந்து, அதோடு ஆசிலேட்டரை ஒப்பிட்டு, பிரீசெட் என்கிற குட்டித் திருகைத் திருகிச் சேர்த்துவிடுவேன்.

மூன்று வருடத்தில் ஒன்பது பெட்டிகள் ஆயின. கேட்கத்தான் ஆளில்லை. ரேடியோ கொடுக்க வருகிறவர்களிடம் ஒரு நிமிடம் வாசித்துக் காட்டுவேன். "பாட்டு வல்லியா பாய்? சரி பண்ணிடுவீங்கல்ல?" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்கள். டீக்கடையில் "பாய் ஊட்ல பேயி அழுவுது" என்று கிண்டல். நானும் சிரிப்பேன். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டால் அழுகை முட்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஒரே ஒருவர் நின்று கேட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும் என்று ஏங்கினேன்.

3. சங்கு

ரைஸ்மில் கூரைமேல் ஒரு கரண்ட் சங்கு இருந்தது. காலை எட்டுக்கும் மதியத்துக்கும் மாலை ஐந்துக்கும் ஊதும். கூலிப் போராட்டம் நடந்து, காலை எட்டு முதல் மாலை ஐந்து வரைதான் வயல் வேலை என்று ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். சேற்றில் நிற்கிற பெண்களிடம் ஏது வாட்ச்? சங்கு ஊதினால் இறங்குவார்கள், சங்கு ஊதினால் கரையேறுவார்கள்.

அந்தச் சம்பா நடவில் மாலைச் சங்கு தள்ளிப்போக ஆரம்பித்தது. ஐப்பசி மூட்டத்தில் சூரியனைப் பார்த்தும் நேரம் சொல்ல முடியாது. பெண்கள் முனகினார்கள். "மெசினு ஊதுறது தப்பா இருக்குமா? ஒங்களுக்குத்தான் இடுப்பு வணங்கல" என்று முதலாளியின் காரியக்காரர் அடக்கினார்.

எனக்குத் தெரியும். ரேடியோவில் ஐந்து மணி பீப் வந்து, நான் சுருதி சேர்த்து, டீ போட்டுக் குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கும்போதுதான் மில் சங்கு ஊதும். இருபது நிமிடத்துக்குக் குறையாது. தெரிந்தும் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை என்பது என் சமாதானம்.

4. குழாய்

என்வலப் பெட்டி முடிந்த அன்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூட்டத்துக்குப் போய்வந்த குழாய் ஒன்றில் டயஃப்ரம் மாற்றி, டெஸ்ட் செய்வதற்காகக் கொல்லைப்புறம் கட்டியிருந்தேன். ஒயர் தவறி மாறிவிட்டது என்று பிறகு சிலரிடம் சொன்னேன். அது பொய். வேண்டுமென்றேதான் ஆசிலேட்டரை ஆம்ப்ளிஃபயரில் சொருகினேன். ஒரு தடவையாவது ஊர் கேட்கட்டுமே என்ற ஆசை.

ஐந்து மணி பீப் வந்தது. சுருதி சேர்த்தேன். உடனே என்வலப்பைத் தட்டிவிட்டேன். சத்தம் அடியிலிருந்து மெதுவாக ஏறி, உச்சத்தில் நின்று, மெதுவாக இறங்கி அடங்கியது. மூன்று வருட உழைப்பு குழாய் வழியாக வயலுக்குமேல் போனது. அப்படியொரு சத்தத்தை ஊரில் தினமும் மூன்று வேளை கேட்கிறோமே என்று என் மரமண்டைக்கு எட்டவில்லை.

பின்கதவுக்கு வந்து பார்த்தேன். குனிந்திருந்த நாற்பது ஐம்பது பெண்களும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். கையில் இருந்த நாற்று முடிகளைப் போட்டுவிட்டு வரிசையாகக் கரையேறினார்கள். முதலில் எனக்கு வந்தது பயமில்லை. என் பெட்டியின் சத்தத்துக்கு இத்தனை பேர் நிமிர்ந்தார்களே என்று பூரித்துப்போனேன்.

அவர்கள் வாய்க்காலில் கைகால் கழுவி, வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது மில் சங்கு ஊதியது. எல்லோரும் மில் பக்கம் திரும்பினார்கள். நடவுக் கூட்டத்துக்குத் தலைவியான அஞ்சலை எழுந்து காரியக்காரரிடம் சத்தமாகக் கேட்டார். "அப்ப மொதல்ல ஊதுனது என்ன? இப்ப ஊதுறது என்ன?"

மறுநாள் முதலாளி ஆள் வைத்து விசாரித்து என் கடைக்கு வந்து சேர்ந்தார். நேரத்துக்கு முன்னால் கரையேறி ஒப்பந்தத்தை மீறிவிட்டார்கள், மீதி நடவுக்கு வெளியூர் ஆள்தான் என்று அவர் சொல்ல, பெண்கள் வெளியூர் ஆளை இறங்க விடாமல் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். போலீஸ் வந்தது. தாசில்தார் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார். பெண்கள் கரையேறியது ஐந்து மணிக்கா, அதற்கு முன்பா என்பதுதான் விவகாரம். அந்தச் சத்தம் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று உறுதியாகத் தெரிந்தவன் ஊரிலேயே நான் ஒருவன்தான்.

பேச்சுவார்த்தை அன்று காலையில் சாமிநாதன் கடைக்கு வந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"காதரு, ஒன்மேல எனக்கு வருத்தம் ஒண்ணும் கெடையாது. நீ ஏதோ வெளையாட்டா செஞ்ச. மணி பாக்கலன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துடு. கடை எங்க போயிடப் போவுது? நீ பாட்டுக்கு இரு."

அஞ்சலையோ சங்கத்துக்காரர்களோ வந்து எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே உண்மையைத்தான் சொல்வேன் என்று நினைத்திருக்கிறார்கள்.

5. பதில்

"மணி பாக்கலிங்க" என்றேன்.

"சுமாரா சொல்லுங்க. நாலா, நாலரையா, அஞ்சா?"

"வேலை மும்முரத்துல கவனிக்கலிங்க."

தாசில்தார் குனிந்து எழுதிக்கொண்டார். சாமிநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சங்கத்துக்காரர் ஒருவர், "பாய், யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். நான் யோசித்துத்தான் சொன்னேன். கடை போனால் எனக்கு வேறு இடமில்லை, பேச ஆளில்லை, ஒன்பது பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்குப் போவேன் என்றெல்லாம் யோசித்தேன். அந்தப் பெண்களின் அடுப்பை யோசிக்கவில்லை. அவர்கள் பக்கம் திரும்பாமலே வெளியே வந்தேன்.

அடுத்த நாள் போலீஸ் காவலோடு இரண்டு லாரியில் வெளியூர் ஆட்கள் வந்து இறங்கினார்கள். உள்ளூர்ப் பெண்கள் அந்தப் பருவம் முழுவதும் பக்கத்து ஊர்களில் வேலை தேடி அலைந்தார்கள். சிலர் பட்டுக்கோட்டைப் பக்கம் தேங்காய் மட்டை உரிக்கப் போனார்கள். என் கடை இருந்தது. சங்கத்துக்காரர்கள் மைக் செட் கேட்டு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். முதலாளி வீட்டு விசேஷத்துக்குத் தவறாமல் ஆள் வந்தது. ஆனால் அங்கேயும் யாரும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. பொய் சொல்ல வைத்தவர்களும் பொய் சொன்னவனை மதிப்பதில்லை என்பதை அந்தப் பந்தலில்தான் தெரிந்துகொண்டேன்.

6. அஞ்சலை

தை பிறந்து ஒரு நாள் முற்பகலில் அஞ்சலை கடை வாசலுக்கு வந்தார். கையில் ரேடியோ இல்லை. படியேறாமல் நின்றார்.

"அந்தச் சத்தத்த இன்னொரு தடவ வைங்க பாய்."

திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஒயரை இடம் மாற்றிச் சொருகி, பிறகு சரியாகக் கோத்தேன். குழாயில் இல்லாமல் சின்ன ஸ்பீக்கரில் வைத்தேன். சத்தம் எழுந்து, நின்று, அடங்கும்வரை அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இதான். அன்னிக்கி இடுப்பு ஒடைஞ்சு நின்னப்ப இது கேட்டுச்சு. மனசு குளுந்து போச்சு பாய். நல்லாருக்கு."

மூன்று வருடம் எந்த வார்த்தைக்குக் காத்திருந்தேனோ அது கிடைத்தது. என்னால் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அஞ்சலை, அன்னிக்கு மணி அஞ்சு. சரியா அஞ்சு. ரேடியோவுல கேட்டுட்டுத்தான் வெச்சேன்."

"தெரியும்" என்றார். "எங்ககிட்ட சொல்றதுக்கு என்ன பாய் இருக்கு? அங்க சொல்லியிருக்கணும்."

போய்விட்டார். அன்றே தாலுகா ஆபீசுக்குப் போய்த் திருத்திச் சொல்லியிருக்கலாம். நடவு முடிந்து பயிர் கதிர் விட்டுவிட்டதே, இனி என்ன பயன் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுவும் பயம்தான்.

சர்க்யூட் கேட்டு எழுதும் பிள்ளைகளுக்கு: ஆசிலேட்டரைச் சுருதி சேர்க்க இப்போது எத்தனையோ வழி இருக்கிறது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். மீட்டர் என்ன காட்டுகிறதோ அதைச் சொல்வதுதான் நம் வேலை. கேட்கிறவர் முன்னால், கேட்கிற அந்த நிமிடத்தில் சொல்ல வேண்டும். நான் இரண்டு மாதம் கழித்து, ஏற்கெனவே தெரிந்தவரிடம் சொன்னேன்.