பொட்டு வைத்த அடுப்பு

நான் அஞ்சாங்கிளாஸைத் தாண்டாதவன். ஆனாலும் நாகல் நகரில் வீட்டுச் சாமான் கடை என்றால் ஆட்டோக்காரர்கள் என் வாசலில்தான் கொண்டுவந்து இறக்குவார்கள். என் மிக்ஸியோ கிரைண்டரோ போகாத வீடு இந்த ஊரில் குறைவு. அப்படிப்பட்ட என்னையே திகைக்க வைத்தவள் மலர்விழி.

பிறவியிலேயே பார்வை இல்லாதவள். நூல் மில் ஒன்றில் போன் எடுக்கும் வேலை. கண்ணாடி இல்லாமலே நெற்றிக்கு நடுவில் பொட்டு வைத்துக்கொள்வாள். அம்மா போன பிறகு வாடகை வீட்டில் தனியாக இருந்தாள். ஒருநாள் கேஸ் அடுப்பில் முந்தானை பற்றிக்கொண்டது. காயம் லேசுதான். ஆனால் திருப்பூரிலிருந்து தம்பி ஆனந்த்ராஜ் பதறி ஓடிவந்து, சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் கடையில் இண்டக்ஷன் ஸ்டவ் வாங்கி வைத்தான். இதிலும் சமைக்க முடியாவிட்டால் தன்னோடு திருப்பூருக்கு வந்துவிட வேண்டும் என்றான். வீட்டுக்காரரிடம் காலிசெய்வதாகவே சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகப் பேச்சு.

அவள் கடைக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, நீங்க குடுத்தது அடுப்பா, கண்ணாடித் தட்டா? தடவுனா ஒண்ணுமே தட்டுப்படல."

நானே நேரில் போனேன். அவள் சொன்னது சரிதான். முன்னே எல்லாவற்றிலும் கையால் திருப்புகிற திருகு இருந்தது. இப்போது உள்ளே குட்டிக் கம்ப்யூட்டர், மேலே வழவழவென்று கண்ணாடி. விரல் பட்டால் போதும். திருகு வைத்த ஸ்டவ் இருந்தால் மாற்றிக் கொடுத்திருப்பேன். அவ்வளவு பெரிய கடையில் ஒன்றுகூட இல்லை.

பொட்டு அட்டையை எடுத்துவந்து, ஒவ்வொரு பட்டன் மேலும் ஒன்று ஒட்டச் சொன்னாள். ஒட்டினேன். ஆனால் மூன்றாவது பொட்டைத் தேடிப் போகும்போதே முதல் இரண்டிலும் விரல் பட்டு, அடுப்பு கீச்சுக்கீச்சென்று கத்தி அணைந்துபோனது. தேடுகிற விரல் எது, அமுக்குகிற விரல் எது என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

மலர்விழி அடுப்பின் விளிம்பை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு பொட்டுகளைப் பிய்த்து, கண்ணாடிக்குக் கீழே பிளாஸ்டிக் விளிம்பில் பட்டனுக்கு நேராக ஒட்டச் சொன்னாள். விளிம்பைத் தடவிப் பொட்டைக் கண்டுபிடித்து, விரலைத் தூக்கி மேலே வைத்தாள். ஒரே ஒரு கீச். எப்போது போட்டாலும் அடுப்பு ஒரே சூட்டில்தான் தொடங்கும். அங்கிருந்து எத்தனை கீச் கூட்ட, எத்தனை குறைக்க என்று அவளே எண்ணிப் பழகினாள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியோடு என்னையும் சாப்பிடக் கூப்பிட்டாள். நான் லேசில் யார் வீட்டிலும் கை நனைக்கிறவன் இல்லை. போனேன். சாம்பார் கொதிக்கும்போது கரண்ட் போனது. திரும்ப வந்து ஃபேன் சுற்றியது, அடுப்பு மட்டும் ஊமையாக இருந்தது. ஆனந்த்ராஜ் எழுந்து கையை நீட்டினான்.

"கையை எடுலே. கரண்ட் போனா அது எல்லாத்தையும் மறந்துரும். நான் மறக்கல" என்றாள்.

விளிம்பைத் தடவி முதலிலிருந்து போட்டாள். சட்டியில் மறுபடி கொதி வந்ததும் கரண்டியில் ஊதி அவனிடம் நீட்டினாள்.

"உப்பு கூடிருச்சுக்கா."

"அப்ப உன் பொண்டாட்டி சாம்பாருக்கே போ."

சாப்பிட்டு முடித்ததும் அவன் வாசலுக்குப் போய் வீட்டுக்காரருக்குப் போன் போட்டான். அக்கா இங்கேயே இருக்கட்டும் என்று அவன் சொன்னது உள்ளே எங்கள் இருவருக்கும் கேட்டது. மலர்விழி எனக்கு இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினாள்.